ஓஎஸ்ஜிஐ கண்டெய்னரில் பொருந்தாத சார்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாவா நிரலைப் பண்டில் எனப்படும் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து ஓட்டும் வரையறைதான் ஓஎஸ்ஜிஐ. அப்பாச்சி கராஃப் போன்ற ஓஎஸ்ஜிஐ கண்டெய்னரில் முதன்முறையாக வேலை செய்ய வருபவர்களுக்கு ஜாவா நன்றாகத் தெரிந்திருக்கும், மேவனும் பழகியிருக்கும். ஆனாலும் ஒரு பண்டில் 'இன்ஸ்டால்டு' நிலையிலேயே நின்றுவிட்டு, தேவைகள் பொருந்திய 'ரிசால்வ்டு' நிலைக்கு நகர மறுக்கும்போது, என் தலைமுறையினர் எந்தெந்த வழிகளில் தடுமாறினோமோ அதே வழிகளில்தான் அவர்களும் தடுமாறுகிறார்கள். பேக்கேஜ் பெயரில் எழுத்துப்பிழை, தேவையான பண்டிலை நிறுவ மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை சற்று நேரத்தில் தாமாகவே வெளிப்பட்டுவிடும். வெளிப்படாமல் தங்கிவிடும் தவறுகளே இந்தக் கட்டுரையின் பொருள்.

ஓர் அடிப்படையை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கமான கிளாஸ்பாத்தில் ஒரு வகுப்பு இல்லை என்பது அதை அழைக்கும் கணத்தில்தான் தெரியவரும். ஓஎஸ்ஜிஐயில் ஒவ்வொரு பண்டிலும் தனக்கு எந்தப் பேக்கேஜ்கள் வேண்டும், தான் எவற்றைத் தரும் என்று மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் அறிவிக்கிறது. பண்டிலின் ஒரு வரி நிரல்கூட ஓடுவதற்கு முன்பே ரிசால்வர் அந்த அறிவிப்புகளைப் பொருத்திப் பார்த்து, பொருந்தவில்லை என்றால் தொடங்க மறுக்கிறது. இந்த முன்கூட்டிய மறுப்புக்காகத்தான் நாம் இவ்வளவு சிரமப்பட்டு மேனிஃபெஸ்ட் எழுதுகிறோம்.

பிழையின் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வது

கராஃப் தரும் பிழை 'அனேபிள் டு ரிசால்வ் ரூட்' என்று தொடங்கி, நாம் நிறுவக் கேட்ட ஃபீச்சரின் (சேர்த்து நிறுவ வேண்டிய பண்டில்களின் பட்டியல்) பெயரைச் சொல்லி, பிறகு 'காஸ்டு பை' என்று அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக உள்ளே இறங்கிக்கொண்டே போகும். புதியவர்கள் முதலில் கண்ணில் படும் பண்டில் பெயரைப் பிடித்துக்கொண்டு அதன் பாம் கோப்பை, அதாவது மேவன் அமைப்புக் கோப்பை, திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பண்டிலில் பெரும்பாலும் குறை எதுவும் இருக்காது. அது நம்பியிருக்கும் இன்னொன்று, அந்த இன்னொன்று நம்பியிருக்கும் மூன்றாவது ஒன்று என்று போகும் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் அறுந்திருக்கும். ஆகவே செய்தியைக் கடைசியிலிருந்து படியுங்கள். ஆக உள்ளே இருக்கும் 'மிஸ்ஸிங் ரெக்வயர்மென்ட்' பகுதியில் பேக்கேஜின் பெயரும் பதிப்பு எல்லையும் வடிகட்டி வடிவில் இருக்கும். மேல் எல்லை 'இந்த எண்ணுக்குச் சமமோ மேலோ ஆகாதது' என்று எதிர்மறையில் எழுதப்பட்டிருப்பதால் நிதானமாகப் படிக்க வேண்டும். அதைக் குறித்துக்கொண்ட பிறகு 'பேக்கேஜ்:எக்ஸ்போர்ட்ஸ்' கட்டளையை ஓட்டினால், அந்தப் பேக்கேஜை யாருமே தரவில்லையா, அல்லது வேறு பதிப்பில் தருகிறார்களா என்பது தெரிந்துவிடும். இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு.

சேவைக்காகக் காத்திருக்கும் பண்டிலைப் பொருந்தாத பண்டில் என்று எண்ணுவது

ஒரு பண்டில் 'ஆக்டிவ்' நிலையில் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் பேக்கேஜில் இருக்காது. சேவைகளை எக்ஸ்எம்எல் கோப்பில் இணைக்கும் ப்ளூபிரின்ட் முறையைப் பயன்படுத்தும் பண்டில், தனக்குக் கட்டாயமான ஒரு சேவை பதிவாகும்வரை காத்திருக்கும். இயல்புநிலையில் அந்தக் காத்திருப்பு 5 நிமிடங்கள் நீடித்து, பிறகு தோல்வியில் முடியும். அந்த 5 நிமிடங்களில் இம்போர்ட் வரிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண்வேலை. 'பண்டில்:டயக்' கட்டளை எந்தச் சேவை வரவில்லை என்று சொல்லும். சேவைகளை இணைக்கும் இன்னொரு முறையான டிக்ளரேட்டிவ் சர்வீசஸ் என்றால் 'எஸ்சிஆர்:லிஸ்ட்' பாருங்கள்.

இறக்குமதியை 'ஆப்ஷனல்' ஆக்கிப் பிழையை அடக்குவது

இன்றளவும் என்னை எரிச்சலடையச் செய்யும் தவறு இதுதான், அதனால் இதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

ரிசால்வர் ஒரு பேக்கேஜ் கிடைக்கவில்லை என்கிறது. வேலை அவசரம். இம்போர்ட்-பேக்கேஜ் வரியில் அந்தப் பெயரை அடுத்து 'ரெசல்யூஷன்:=ஆப்ஷனல்' என்று சேர்த்தால் போதும் என்று யாரோ சொல்லித் தருகிறார்கள். சேர்த்ததும் பண்டில் உடனே 'ஆக்டிவ்' ஆகிவிடுகிறது. அடுத்த முறை தனிப் பெயரைத் தேடவும் பொறுமை இல்லாமல், எல்லாப் பேக்கேஜையும் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கே ஆப்ஷனல் போட்டுவிடுகிறார்கள். அந்த வரி ஒரு பாம் கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கப்பட்டு, சில மாதங்களில் திட்டம் முழுவதும் பரவிவிடுகிறது.

அந்த இறக்குமதி மேனிஃபெஸ்டுக்கு எப்படி வந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. மேவன் பண்டில் பிளகினின் உள்ளே வேலை செய்யும் பிஎன்டி கருவி, தொகுக்கப்பட்ட பைட்கோடைப் படித்து, எந்த வகுப்பு எந்தப் பேக்கேஜைத் தொடுகிறது என்று கண்டுபிடித்து அந்த வரியை எழுதுகிறது. அதாவது ஏதோ ஒரு வகுப்பு அந்தப் பேக்கேஜை உண்மையிலேயே குறிப்பிடுகிறது. ஆப்ஷனல் என்று எழுதுவதால் அந்தக் குறிப்பு மறைந்துவிடுவதில்லை. நிறுவும்போது வர வேண்டிய தோல்வி, அந்த வகுப்பு முதன்முதலில் ஓடும் நேரத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. அந்த நேரம் எது என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில் வாடிக்கையாளர்களுக்கு மாதாந்திரக் கணக்கு அறிக்கையை பிடிஎஃப் கோப்பாக உருவாக்கும் பண்டில் ஒன்று இருந்தது. அது பயன்படுத்திய பிடிஎஃப் நூலகம், கடவுச்சொல் இடப்பட்ட கோப்புகளுக்கு மட்டும் பௌன்சி காசில் என்ற மறையாக்க நூலகத்தை நாடும். கண்டெய்னரில் அந்த நூலகம் இல்லாததால் ரிசால்வர் மறுத்தது. குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் அந்த இறக்குமதிகளை ஆப்ஷனல் ஆக்கினார். சோதனைச் சூழலில் உருவாக்கிய கோப்புகளுக்குக் கடவுச்சொல் கிடையாது, ஆகவே எல்லாம் ஓடியது. மாத இறுதி இரவில் உண்மையான அறிக்கைகள் உருவாக வேண்டிய நேரத்தில் ஒன்றுகூட உருவாகவில்லை. லாக் பதிவேட்டிலும் பிழை எதுவும் இல்லை.

பதிவேடு ஏன் மௌனமாக இருந்தது என்பதைப் புதியவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாத வகுப்பைத் தொடும்போது எழும் 'நோகிளாஸ்டெஃப்ஃபௌண்ட்எரர்' என்பது எரர் வகையைச் சேர்ந்தது, எக்ஸெப்ஷன் வகையைச் சேர்ந்ததன்று. அங்கே எழுதப்பட்டிருந்த கேட்ச் பகுதி எக்ஸெப்ஷனை மட்டுமே பிடித்தது. வேலையோ எக்ஸிகியூட்டரின் சப்மிட் முறையில் அனுப்பப்பட்டிருந்தது; அவ்வாறு அனுப்பிய வேலையில் எழும் எதுவும் ஃபியூச்சர் பொருளுக்குள் போய் அடங்கிவிடும், யாராவது கெட் அழைத்தால் மட்டுமே வெளியே வரும். அழைக்க ஆள் இல்லை. காரணம் கண்டுபிடிக்கப்பட்டபோது விடிந்துவிட்டது.

சங்கடம் அத்துடன் முடியவில்லை. காரணம் தெரிந்ததும் பௌன்சி காசில் பண்டிலை ஓடிக்கொண்டிருந்த கண்டெய்னரில் நேரடியாக நிறுவினார்கள், பிழை மாறவில்லை. ஆப்ஷனல் இறக்குமதி பண்டில் பொருத்தப்படும் கணத்தில் ஒருமுறைதான் தீர்மானிக்கப்படும். அந்தக் கணத்தில் பேக்கேஜைத் தருபவர் இல்லை என்றால் இணைப்பு இல்லாமலே பொருத்தம் முடிந்துவிடும். பிறகு தருபவர் வந்தாலும் 'பண்டில்:ரெஃப்ரெஷ்' செய்யும்வரை அந்த இணைப்பு உருவாகாது. ஒரு சர்வரை அவர்கள் மறுதொடக்கம் செய்ததால் அது மட்டும் வேலை செய்தது, மற்றொன்று வேலை செய்யவில்லை. ஒரே நிரல், ஒரே பண்டில்கள், நிறுவிய வரிசை மட்டும் வேறு.

ஆப்ஷனல் இறக்குமதிக்கு நியாயமான இடமும் உண்டு. நெட்டி என்ற வலைத்தொடர்பு நூலகத்தின் கோடெக் பகுதி புரோட்டோபஃப் முதலிய பல வெளி நூலகங்களுக்கான வகுப்புகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது; நாம் அந்த வகுப்புகளை அழைக்காவிட்டால் அந்த நூலகங்கள் தேவையே இல்லை. நிரலை எழுதியவரே இல்லாமையை எதிர்பார்த்து எழுதியிருக்கும் இடங்களில் ஆப்ஷனல் சரியானது. ஆகவே ஆப்ஷனல் போடுவதற்கு முன் ஜாவாவுடனேயே வரும் ஜேடெப்ஸ் கருவியை விரிவான வெளியீட்டுடன் ஓட்டி, எந்த வகுப்பு அந்தப் பேக்கேஜைத் தொடுகிறது என்று பாருங்கள். அந்த வகுப்பு நம் பாதையில் வருமா என்ற கேள்விக்கு 'வராது' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், பேக்கேஜின் முழுப் பெயரை எழுதி, காரணத்தை ஒரு வரிக் குறிப்பாகப் பக்கத்திலேயே எழுதி, ஆப்ஷனல் போடுங்கள். உறுதி இல்லை என்றால் தேவையான பண்டிலை ஃபீச்சர் கோப்பில் சேருங்கள்.

'டைனமிக்இம்போர்ட்-பேக்கேஜ்: *' என்பது இதே தவறின் கொடிய வடிவம். பண்டில் தன் தேவைகளை அறிவிக்கவே மறுத்துவிடுகிறது. கிடைக்காத எந்த வகுப்பையும் எந்த ஏற்றுமதியாளரிடமிருந்தும், எந்தப் பதிப்பானாலும், ஓடும் நேரத்தில் தேடிப் பிடிக்கும். முதலில் கிடைத்ததோடு இணைந்துவிட்டால் ரெஃப்ரெஷ் வரை அந்த இணைப்பு மாறாது. வகுப்பின் பெயரே அமைப்புக் கோப்பிலிருந்து வரும் சில கருவிகளுக்கு டைனமிக் இறக்குமதி தேவைப்படலாம். நாம் எழுதும் வணிக நிரலுக்கு அது தேவைப்பட்ட ஓர் இடத்தையும் நான் கண்டதில்லை.

டேட்டா அடைவை அழித்துவிட்டுத் தொடங்குவது

டேட்டா அடைவில்தான் கராஃப் நிறுவிய பண்டில்களின் நிலை இருக்கிறது; அதை அழிப்பதை 'பண்டில்:டயக்' வெளியீட்டைச் சேமித்த பிறகு மட்டும் செய்யுங்கள்.

பதிப்பு எல்லையைப் படிக்காமல் நூலகத்தின் எண்ணை மட்டும் பார்ப்பது

ஜார் கோப்பின் பெயரில் இருக்கும் எண் பண்டிலின் பதிப்பு; ரிசால்வர் ஒப்பிடுவது பேக்கேஜின் பதிப்பு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லை [1.2,2) என்று எழுதப்பட்டிருந்தால் 1.2 உள்ளே, 2 வெளியே. வெறுமனே 1.2 என்று எழுதினால் 'சரியாக 1.2' என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பொருள் 1.2-லிருந்து மேலே எல்லையே இல்லை என்பது. இதனால் பொருந்தக் கூடாத 4.0 பதிப்பும் மறுப்பின்றிப் பொருந்திவிடும்.

சர்வ்லெட் பேக்கேஜ் இதில் தனிச் சிக்கல். பழைய 2.5 பதிப்புக்கு எதிராகக் கட்டப்பட்ட பண்டிலில் பிஎன்டி [2.5,3) என்று எழுதியிருக்கும், சர்வ்லெட் 3.0 வந்தபோது அது பழைய நிரலை உடைக்காவிட்டாலும் எண் 3-ஐத் தொட்டதால் ரிசால்வர் மறுத்தது. அதற்காகவே சில பண்டில்கள் அதே பேக்கேஜை 2.6 என்றும் 3.0 என்றும் இரு எண்களில் ஏற்றுமதி செய்கின்றன. அத்தகைய பண்டிலைப் பயன்படுத்துங்கள், எல்லையை நீக்கிவிடாதீர்கள்.

டிப்ளாய் அடைவில் ஜார் கோப்புகளைக் கொட்டுவது

ஃபீச்சர் கோப்பு எழுதுங்கள்.

ஒரே பேக்கேஜ் பெயரை இருவர் ஏற்றுமதி செய்வதைக் கவனியாமை

'யூசஸ் கன்ஸ்ட்ரெயின்ட் வயலேஷன்' என்ற பிழையைக் கண்டு அஞ்சாதவர் குறைவு. ஒரு பண்டில் ஒரே பேக்கேஜை இரண்டு வழிகளில் இரண்டு வெவ்வேறு பண்டில்களிடமிருந்து காண நேர்கிறது என்பதே அதன் பொருள். செய்தியிலேயே இரண்டு சங்கிலிகளும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் தாளில் எழுதி, எங்கே பிரிகின்றன என்று பாருங்கள்.

இந்தப் பிழையாவது வாய்விட்டுச் சொல்கிறது. சொல்லாமல் போகும் வகை ஒன்று 'ஜாவாக்ஸ்.அனோடேஷன்' பேக்கேஜில் உண்டு. ஜேஎஸ்ஆர் 250 வரையறை அதில் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் (தொடக்க முறையைக் குறிக்கும் அனோடேஷன்) போன்றவற்றை வைத்திருக்கிறது. ஜேஎஸ்ஆர் 305-க்கான நூலகம் அதே பெயரில் நல்லபிள் போன்றவற்றை வைத்திருக்கிறது. பதிப்பு எல்லை இல்லாமல் இறக்குமதி செய்த பண்டில், இரண்டாவதோடு இணைந்துவிட்டால் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் வகுப்பு கிடைக்காது. கிடைக்காத அனோடேஷனை ஜாவா பிழை காட்டாமல் விட்டுவிடும் என்பதால், தொடக்க முறை அழைக்கப்படாமலே பண்டில் ஓடிக்கொண்டிருக்கும். 'பண்டில்:டயக்' இங்கே எதையும் சொல்லாது. 'பேக்கேஜ்:எக்ஸ்போர்ட்ஸ்' வெளியீட்டில் ஒரே பெயர் இருமுறை வருகிறதா என்று பார்ப்பதே வழி.

ஜாவாவை உயர்த்திவிட்டு சிஸ்டம் பேக்கேஜ் பட்டியலை நிரப்புவது

2018-இல் வெளியான ஜாவா 11, எக்ஸ்எம்எல்லை ஜாவா பொருள்களோடு இணைக்கும் ஜேஏஎக்ஸ்பி (JAXB) உள்ளிட்ட பல பேக்கேஜ்களை ஜேடிகேயிலிருந்து நீக்கிவிட்டது. அதுவரை ஜேடிகேயின் பேக்கேஜ்களைத் தரும் சிஸ்டம் பண்டிலிடமிருந்து அவற்றைப் பெற்றுவந்த பண்டில்கள் பொருந்தாமல் நிற்கும். அப்போது சிலர் கூடுதல் சிஸ்டம் பேக்கேஜ்களுக்கான அமைப்பில் 'ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். எழுதப்பட்ட பெயருக்குப் பின்னால் வகுப்புகள் இருக்கின்றனவா என்று ஃபிரேம்வொர்க் சோதிப்பதில்லை. சிஸ்டம் பண்டில் அதைத் தருவதாக நம்பிப் பண்டிலைப் பொருத்திவிடும், ஆப்ஷனல் விஷயத்தில் நடந்த அதே தோல்வி ஓடும் நேரத்தில் வரும். ஜேஏஎக்ஸ்பியின் ஏபிஐ பண்டிலையும் செயலாக்கப் பண்டிலையும் நிறுவுங்கள். நிறுவும்போது பேக்கேஜ் பெயர் ஜாவாக்ஸில் தொடங்குகிறதா, ஜகார்த்தாவில் தொடங்குகிறதா என்று பாருங்கள். 2020-இல் வந்த ஜகார்த்தா ஈஈ 9 பெயரையே மாற்றிவிட்டதால், புதிய பதிப்பை நிறுவினால் பழைய பெயரை இறக்குமதி செய்யும் பண்டில் அப்போதும் பொருந்தாது. மேனிஃபெஸ்டில் எதை எழுதியும் ஒன்றை மற்றொன்றாக்க முடியாது. பழைய பெயரிலேயே ஏற்றுமதி செய்யும் பதிப்பைத் தேடி நிறுவ வேண்டும், அல்லது நிரலின் இம்போர்ட் வரிகளை மாற்றி மறுபடியும் கட்ட வேண்டும்.