தெருவில் மன்ற அரங்கு போடுவது எப்படி?

பார்க்க வந்தவரே நடுவில் எழுந்து வந்து நடித்து, கதையை மாற்றிப் பார்ப்பதுதான் மன்ற அரங்கு. பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் (Augusto Boal) 1970களில் உருவாக்கிய முறை. மேடை, விளக்கு, மைக் எதுவும் வேண்டாம்.

கதைக்குப் பெரிய அரசியலைத் தேடாதீர்கள். அந்தத் தெருவில் தினமும் நடப்பதே போதும். எங்கள் குழு போடுவது வாடகை வீட்டுத் தண்ணீர்க் கதை. மோட்டார் சுவிட்ச் ஓனர் வீட்டுக்குள். காலையில் ஒரு தடவைதான் போடுவார். கேட்டால், "பிடிக்கலன்னா காலி பண்ணுங்க." பத்து நிமிடத்தில் முடியுங்கள். கடைசியில் குடியிருப்பவர் தோற்றே ஆக வேண்டும். சுபமாக முடித்தால் கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடும்.

ஒரு தடவை முழுதாக நடித்துக் காட்டுங்கள். அப்புறம் முதலிலிருந்து மறுபடி. இப்போது யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று குரல் கொடுத்து, குடியிருப்பவரின் இடத்துக்கு வரலாம். ஓனரை மட்டும் மாற்ற விடாதீர்கள். நிஜத்தில் நமக்கு யாரும் நல்ல ஓனரை மாற்றித் தரப்போவதில்லை.

அதிக ஒத்திகை ஓனராக நடிப்பவருக்குத்தான் தேவை. சும்மா விட்டுக்கொடுக்கவும் கூடாது, நிஜமாகவே மடக்கப்பட்டால் சமாளிக்கவும் கூடாது. ஒருமுறை ஒரு பாட்டி வந்தார். வாக்குவாதமே செய்யவில்லை. பக்கத்துக் குடித்தனப் பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, காலிக் குடங்களோடு ஓனர் வாசற்படியில் வரிசையாக உட்கார வைத்தார். ஓனருக்கு நாங்கள் எழுதியிருந்த வசனம் எல்லாம் தனியாளை மிரட்டுவதற்கானது. "நீங்க எல்லாரும் ஏன்..." என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

கூத்தில் கட்டியக்காரன் போல ஒருவர் நடுவில் நின்று நடத்த வேண்டும். அவர் தீர்வு சொல்லவே கூடாது. "இது நம்ம தெருவுல நடக்குமா? அடுத்த மாசம் ஓனர் என்ன பண்ணுவார்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெண்கள் எழுந்து வர நேரமாகும். அந்த அமைதியைப் பேசி நிரப்பாதீர்கள்.

வரும் யோசனைகளை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். போவால் 1993 முதல் 1996 வரை ரியோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, இப்படி மக்கள் நடித்துக் காட்டியதிலிருந்து 13 சட்டங்கள் வந்தன. ஓனரிடம் யார் பேசுவது, எந்தத் தேதியில் என்பதைக் கூட்டம் கலைவதற்குள் கேட்டு எழுதிவிடுங்கள்.