கெர்கலன் தீவின் கடற்பூப்பை விண்ணிலிருந்து காண

இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் 49 பாகைத் தென் அட்சரேகையை ஒட்டிக் கிடக்கும் கெர்கலன் தீவைச் சுற்றி, நவம்பர், டிசம்பர் மாதங்களில் மிதவை நுண்ணுயிர்கள் பெருகிக் கடலின் நிறத்தையே மாற்றுவதை, நாசாவின் ‘வேர்ல்ட்வியூ’ இணையதளத்தில் கட்டணமின்றிக் காணலாம். அங்குள்ள ஆழம் குறைந்த கடலடி மேட்டிலிருந்து கலக்கும் இரும்புச் சத்தே, இரும்புக்கு ஏங்கும் அந்த நீரில் இப்பெருக்கத்துக்குக் காரணம்.

முதலில் இயல்நிறப் படத்தைத் திறந்து, அதன்மேல் பச்சையத்தின் அளவைக் காட்டும் ‘குளோரோபில்’ அடுக்கைச் சேர்த்தால், வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் சுழல்களும் தெளிவாகும். மேகமே பெரிய தொல்லை; அந்தத் தீவு பெரும்பாலான நாள்களில் முகம் காட்டாது. ஆகவே ஒரே நாளில் சலித்துவிடாமல், காலையில் கடக்கும் டெர்ரா செயற்கைக்கோளின் படத்தையும் பிற்பகலில் கடக்கும் அக்வா செயற்கைக்கோளின் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, நாள்காட்டியை ஒவ்வொரு நாளாக நகர்த்துங்கள். அக்வாவின் படங்கள் 2002 முதலே சேமிப்பில் இருப்பதால், பழைய ஆண்டுகளிலும் தேடலாம். குளோரோபில் அடுக்கில் வெறுமையாகத் தெரியும் இடத்தை உயிரற்ற கடல் என எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது மேகம் மறைத்த பகுதிதான்.