வாகனக் கழகத்தில் சேர்வது பயணிக்குப் பயன் தருமா? கணக்கிட்டு முடிவெடுக்கும் முறை

ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு உறுப்பினர்களுக்குச் சாலையோர உதவி தரும் வாகனக் கழகத்தின் உறுப்பினர் அட்டைக்குப் பணம் கட்டலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது விடுதித் தள்ளுபடி, வாடகைக் கார் தள்ளுபடி, அருங்காட்சியக நுழைவுச் சலுகை என்று நீளும் பட்டியலைத்தான். அந்தப் பட்டியலைக் கடைசியாகப் பார்ப்பதே சரி. இந்தச் சேவையின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது: நடுவழியில் நின்றுவிட்ட வண்டியை, அதைச் சரிசெய்யக்கூடிய இடம் வரை, யாருடைய செலவில் எவ்வளவு தூரம் கொண்டு செல்வார்கள் என்பதே அது. அந்தக் கேள்விக்கு உங்கள் பயண வழக்கத்துக்குப் பொருந்தும் விடை கிடைத்துவிட்டால், மற்றவற்றை ஒரு மாலைப்பொழுதில் கணக்கிட்டுவிடலாம்.

இத்தகைய கழகங்கள் மோட்டார் வண்டியின் தொடக்க காலத்திலேயே தோன்றியவை. அமெரிக்காவின் ஏஏஏ 1902-இலும், ஜெர்மனியின் ஏடிஏசி 1903-இலும், பிரிட்டனின் ஏஏ 1905-இலும் தொடங்கப்பட்டன. ஆனால் பெயர் ஒன்றுபோல் இருப்பதால் அமைப்பும் ஒன்றுபோல் இருக்கும் என்று கொள்ளக்கூடாது. ஏஏஏ என்பது வட்டாரக் கழகங்களின் கூட்டமைப்பு. ஒரு மாநிலத்துக் கழகம் தரும் அதே தூர வரம்பையும் அதே கட்டணத்தையும் அடுத்த மாநிலத்துக் கழகம் தர வேண்டும் என்பதில்லை. ஏடிஏசி 2 கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்ட சங்கமாக இருக்கிறது. பிரிட்டனின் ஏஏ உறுப்பினர்களின் உடைமையாக இருந்து, 1999-இல் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. ஆகவே நண்பர் ஒருவர் தம் கழகத்தைப் பற்றிச் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல், நீங்கள் சேரவிருக்கும் கழகத்தின் விதிமுறைத் தாளை நேரடியாகப் படியுங்கள்.

கையில் ஏற்கெனவே இருப்பது என்ன?

விதிமுறைத் தாளைத் திறப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. சாலையோர உதவி உங்களுக்கு வேறு வழிகளில் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கலாம். புதிய கார்களுக்குத் தயாரிப்பாளர்கள் சில ஆண்டுகளுக்கு அதை இலவசமாகத் தருவதுண்டு. காப்பீட்டுப் பாலிசியில் சிறு கூடுதல் கட்டணத்துக்கு அது சேர்க்கப்பட்டிருக்கலாம். சில கிரெடிட் கார்டுகளிலும் அது இருக்கும். ஒரே பாதுகாப்புக்கு இரண்டு மூன்று இடங்களில் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய உண்டு. அவர்களுக்குக் கழகத்தின் அடிப்படை அட்டை எதையும் புதிதாகத் தருவதில்லை.

அதே சமயம், "இருக்கிறது" என்ற பதிலோடு நின்றுவிடக்கூடாது; எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். தயாரிப்பாளர் தரும் உதவி பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற அருகிலுள்ள டீலரிடம்தான் வண்டியைக் கொண்டு சேர்க்கும். விடுமுறை நாளில் வண்டி நின்றால், பூட்டிய டீலரின் வளாகத்தில் அதை இறக்கி வைத்துவிட்டு, மறுநாள் வரை நீங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள நேரும். காப்பீட்டு வழி உதவியில் சில நிறுவனங்கள் தாங்களே வண்டி அனுப்பும். சில, நீங்களே ஆளைத் தேடிப் பணம் கொடுத்துவிட்டு ரசீதை அனுப்பினால் ஓர் உச்ச வரம்பு வரை திருப்பித் தரும். இரண்டும் ஒன்றல்ல. தெரியாத ஊரின் புறவழிச்சாலையில், இரவில், நீங்களே இழுவை வண்டி தேட வேண்டியிருப்பதுதான் பயணிக்கு உண்மையான இடர். ரசீது பிற்பாடு உதவலாம், அந்த நேரத்தில் உதவாது. காப்பீட்டின் வழியாகப் பெறும் இழுவை உதவி ஓர் இழப்பீட்டுக் கோரிக்கையாகப் பதிவு செய்யப்படுமா, அடுத்த ஆண்டுப் பிரீமியத்தைப் பாதிக்குமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இழுவைத் தூரம்

முடிவு இங்கேதான் பெரும்பாலும் தீர்மானமாகிறது. ஏஏஏ கழகங்களில் பொதுவாக மூன்று நிலைகள் இருக்கின்றன. அடிப்படை நிலையில் இலவச இழுவை சில மைல்களுக்கு மட்டுமே; 'பிளஸ்' நிலையில் 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர்; 'பிரீமியர்' நிலையில் ஆண்டுக்கு ஒருமுறை 200 மைல் வரை. நகருக்குள் வேலைக்குப் போய் வருபவருக்கு அடிப்படை நிலையே போதும், ஏனென்றால் எந்தத் திசையில் போனாலும் சில மைல்களுக்குள் ஒரு பணிமனை இருக்கும். நெடும்பயணம் போகிறவருக்கு அதே அட்டை ஏறக்குறைய வெறும் அட்டைதான். பணிமனை 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது முதல் 8 கிலோமீட்டர் மட்டும் இலவசம் என்றால், மீதி 52 கிலோமீட்டருக்கும் தூரக் கணக்கில் பணம் கேட்பார்கள். அந்தத் தொகை சில சமயம் ஓர் ஆண்டுக் கட்டணத்தையே தாண்டிவிடும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் அடிக்கடி போகும் அல்லது போகத் திட்டமிட்டிருக்கும் வழித்தடத்தை வரைபடத்தில் விரித்து, உங்கள் வகை வண்டியைப் பழுது பார்க்கக்கூடிய பணிமனைகள் உள்ள ஊர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிக நீண்ட இடைவெளியை எடுத்து, அதில் பாதியைக் கணக்கிடுங்கள். வண்டி அந்த இடைவெளியின் நடுவில் நின்றால் அவ்வளவு தூரம்தான் இழுக்க வேண்டியிருக்கும். அந்த எண்ணுக்கும் கீழே இருக்கும் தூர வரம்பை வாங்குவதில் பொருளில்லை. அதற்கு மேல் எவ்வளவு வாங்கலாம் என்பது, வண்டியை முன்பின் தெரியாத பணிமனையில் விட நீங்கள் தயாரா, வீட்டருகே உள்ள உங்கள் மெக்கானிக்கிடமே கொண்டு வர வேண்டுமா என்பதைப் பொறுத்தது. விதிமுறையில் "அருகிலுள்ள பணிமனை" என்று இருக்கிறதா, "உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் இடம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சொற்றொடர்களுக்கும் இடையில் பெரிய பணம் இருக்கிறது.

தூரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் சில. ஆண்டுக்கு எத்தனை அழைப்புகள் என்ற வரம்பு பொதுவாக இருக்கும். ஏஏஏ-வில் அது ஓர் உறுப்பினருக்கு நான்கு. அடிப்படை நிலையில் மோட்டார் சைக்கிள், கேரவன், பின்னால் இணைத்து இழுக்கும் டிரெய்லர் ஆகியவை பெரும்பாலும் அடங்குவதில்லை. குடும்பத்தோடு கேரவனில் போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் சேர்ந்துவிட்டால், தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். எஞ்சின் நான்கு சக்கரங்களையும் இயக்கும் கார்களையும் மின்சாரக் கார்களையும் சக்கரம் தரையில் உருள இழுத்தால் இயந்திரத்துக்குச் சேதம் வரலாம் என்பதால், முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் தட்டை மேடை லாரி வர வேண்டும். அது கூடுதல் கட்டணம் இல்லாமல் வருமா என்று கேட்டு வையுங்கள். இப்போது பல புதிய கார்களில் ஸ்டெப்னியே இருப்பதில்லை. ஓட்டையை அடைக்கும் பசையும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான் இருக்கின்றன. ஆணி குத்திய டயருக்கு அது உதவும். பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு உதவாது. அந்த நிலையில் "டயர் மாற்றித் தரும் சேவை" என்று அட்டையில் எழுதியிருந்தாலும் மாற்றுவதற்குச் சக்கரம் இல்லாததால், மீண்டும் இழுவைத் தூரத்திடம்தான் வந்து நிற்பீர்கள்.

பாதுகாப்பு ஆளுக்கா, வண்டிக்கா?

ஏஏஏ-வின் உறுப்பினர் சேவை ஆளைத் தொடர்ந்து வருவது. உறுப்பினர் ஓட்டினாலும், நண்பரின் காரில் உடன் பயணித்தாலும் உதவி கேட்கலாம். பிரிட்டனில் தனி ஆளுக்கு, குறிப்பிட்ட வண்டிக்கு என்று இரண்டு விதமாகவும் விற்கிறார்கள். ஒரே காரை வீட்டில் மூவர் ஓட்டினால் வண்டிக்கு எடுப்பது லாபம். ஒருவரே பல வண்டிகளில் போனால் ஆளுக்கு எடுப்பது லாபம். பிரிட்டனில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: அங்கே சாலையோர உதவி மட்டும் கொண்ட அடிப்படைத் திட்டத்தில், வீட்டு வாசலிலோ வீட்டிலிருந்து கால் மைலுக்குள்ளோ வண்டி நின்றால் உதவி வராது, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். குளிர்கால அதிகாலையில் பேட்டரி செத்துப்போவது பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் என்பதால், இந்த விதியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வாடகைக் காரில் மட்டுமே பயணிப்பவர்களுக்கு என் மதிப்பீடு வேறு. இயந்திரக் கோளாறு வந்தால் வாடகை நிறுவனமே பொறுப்பேற்று வேறு வண்டி தரும். மாறாக, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவது, எரிபொருள் தீர்ந்துபோவது, பஞ்சர் போன்றவற்றை வாடிக்கையாளர் செலவில் தள்ளுவது வழக்கம். அங்கே கழகத்தின் அட்டை உதவும். ஆனால் நிறுவனத்தைக் கேட்காமல் வெளியாளை வைத்து வண்டியை இழுக்கச் செய்வதை வாடகை ஒப்பந்தம் தடை செய்திருக்கலாம். இப்படிப்பட்ட பயணி ஆண்டு முழுவதற்கும் கட்டணம் செலுத்துவதைவிட, வாடகை நிறுவனம் விற்கும் சாலையோர உதவியின் நாள் கட்டணத்தைத் தம் பயண நாட்களால் பெருக்கி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லை கடக்கும்போது

ஏஏஏ-வின் உறுப்பினர்களுக்குக் கனடாவில் அந்நாட்டு வாகனக் கழகமான சிஏஏ உதவுகிறது. சிஏஏ உறுப்பினர்களுக்கு அமெரிக்காவில் ஏஏஏ-வும் அப்படியே. ஏடிஏசி-யின் அடிப்படை நிலை ஜெர்மனிக்குள் மட்டும். ஐரோப்பா முழுவதும் வேண்டுமென்றால் 'பிளஸ்' நிலைக்குப் போக வேண்டும். ஆகவே அயல்நாட்டில் ஓட்டுபவர்கள், "எங்கள் கழகத்துக்கு உலகெங்கும் கூட்டாளிகள் உண்டு" என்ற பொது வாக்கியத்தை நம்பாமல், எந்த நாட்டில் எந்த எண்ணை அழைப்பது, செலவுக்கு வரம்பு என்ன என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பிரான்சின் கட்டண நெடுஞ்சாலைகளில் அங்கீகாரம் பெற்ற மீட்பு நிறுவனங்கள் மட்டுமே வண்டியை எடுக்கலாம்; சாலையோர எஸ்ஓஎஸ் தொலைபேசியில் அழைத்து, அரசு நிர்ணயித்த கட்டணத்தைக் கொடுத்து, நெடுஞ்சாலையை விட்டு வெளியேறிய பிறகுதான் உங்கள் கழகத்தின் வேலை தொடங்கும். அந்த முதற்கட்டச் செலவைத் திருப்பித் தருவார்களா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்காகவே கழகத்தில் சேர்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தேவையில்லை. அமெரிக்காவில் ஏஏஏ உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் அதை வழங்குகிறது. சொந்த வண்டியையே பல நாடுகள் வழியாக ஓட்டிச் செல்வோருக்கு, அதைத் தற்காலிகமாகச் சுங்க வரியின்றிக் கொண்டுசெல்ல உதவும் 'கார்னே' ஆவணம் வேண்டியிருக்கும். அது பல நாடுகளில் தேசிய வாகனக் கழகங்கள் வழியாக வழங்கப்படுகிறது என்பதால், அவர்களுக்குக் கழகத்தோடு தொடர்பு தேவைப்படலாம்.

எண்களை வைத்துப் பார்ப்போம்

ஆண்டுக் கட்டணம் 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வழித்தடத்தில் ஓர் இழுவைக்குக் கைப்பணமாக 400 அலகு ஆகும், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது நேரலாம் என்றால், ஆண்டுக்கு 100 அலகு. கட்டணமும் செலவும் சமம். ஏற்கெனவே இருக்கும் காப்பீடு அதில் 200 தருமென்றால் கழகத்தின் மதிப்பு 50 அலகுக்கு இறங்கிவிடுகிறது. மாறாக, வண்டி பழையது, பேட்டரிக்கு நான்கு வயதாகிவிட்டது, டயர்கள் தேய்ந்திருக்கின்றன என்றால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று வைத்துக் கணக்கிடுங்கள், மதிப்பு இரட்டிப்பாகும். அந்தக் கட்டணத்தில் புதுப் பேட்டரியும் நல்ல ஜம்பர் கேபிளும் வாங்கிவிடுவது சிலருக்கு அதைவிடச் சிறந்த செலவாக இருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

எண்ணில் அடங்காத பகுதியும் உண்டு, அதை ஒதுக்கிவிடக்கூடாது. தனியாக நீண்ட தூரம் ஓட்டுபவர், கைக்குழந்தையோடு போகிறவர், முதிய பெற்றோரை அழைத்துச் செல்பவர் ஆகியோருக்கு ஒரே எண்ணை அழைத்தால் ஒருவர் வந்து சேர்வார் என்ற உறுதிக்கு, கணக்கில் வருவதைவிட அதிக மதிப்பு உண்டு. அவர்கள் கணக்குச் சற்றுக் குறைந்து வந்தாலும் சேர்ந்துவிடலாம் என்பதே என் கருத்து.

தள்ளுபடிகளை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் செலவிட்டிருக்கக்கூடிய பணத்தில் மிச்சமாவதை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். விடுதிகள் தங்கள் சொந்த இலவச உறுப்பினர் திட்டத்திலேயே ஏறக்குறைய அதே விலையைத் தருவதுண்டு. இரண்டுக்குமான வித்தியாசம்தான் கழகம் தரும் சலுகை. அந்த வித்தியாசத்தை உங்களுடைய அடுத்த பயணத்தின் விடுதி ஒன்றை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

சேரும் நேரமும் முக்கியம். பல கழகங்களில் புதிதாகச் சேர்ந்தவுடன், அல்லது மேல்நிலைக்கு மாறியவுடன், முழுச் சலுகை உடனே நடைமுறைக்கு வருவதில்லை. ஒரு நாளோ சில நாட்களோ காத்திருப்புக் காலம் இருக்கும். சேரும்போதே பழுதாகி நிற்கும் வண்டிக்குக் கூடுதல் கட்டணம் கேட்பதும் உண்டு. ஆகவே புறப்படும் நாள் காலையில் சேராமல், இரண்டு வாரம் முன்னதாகச் சேருங்கள். முதல் ஆண்டு சலுகை விலையா, தானாகவே புதுப்பிக்கப்படுமா என்றும் பார்த்து, புதுப்பிப்புத் தேதிக்கு முந்தைய வாரத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

சேர்ந்துவிட்டால், உறுப்பினர் எண்ணையும் உதவி எண்ணையும் தாளில் எழுதிக் காரின் ஆவணங்களோடு வைத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் கைபேசிச் செயலி திறக்காது. அழைக்கும்போது சாலையின் பெயர், போகும் திசை, கடைசியாகக் கண்ட கிலோமீட்டர் கல்லின் எண், வண்டியின் வகை, அதில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பவற்றை இந்த வரிசையில் சொன்னால், சரியான லாரி சரியான பக்கத்துக்கு வந்து சேரும். நெடுஞ்சாலையில் காத்திருக்கும் நேரத்தில் வண்டிக்குள் உட்காராமல், போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கி, தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள்.