வியட்நாம் போரின் திருப்புமுனைகள்: நாம் செய்யும் தவறுகள்

வியட்நாம் போர் எப்போது தொடங்கியது என்று கேட்டால் பலரும் 1965 என்பார்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் அமெரிக்க மரைன் படை டா நாங்கில் இறங்கியது. வியட்நாமியருக்கோ அதற்குள் ஒரு போர் முடிந்திருந்தது. 1946 முதல், தங்களை ஆண்டுவந்த பிரான்சோடு மோதி, 1954 மே 7 அன்று டியன் பியன் பூவில் வென்றிருந்தார்கள். கடைசி ஆண்டுகளில் பிரான்சின் போர்ச்செலவில் பெரும்பகுதியைக் கொடுத்ததே அமெரிக்காதான். இதை விட்டுவிட்டுப் படித்தால் மற்ற எதுவும் பிடிபடாது.

அடுத்த தவறு, கம்யூனிஸ்டுகள் ஆண்ட வடக்கையும் அமெரிக்கா ஆதரித்த தெற்கையும் ஆதிமுதல் இரண்டு நாடுகளாக நினைப்பது. 1954 ஜெனீவா உடன்பாட்டில் 17-ஆவது அட்சக்கோடு தற்காலிகக் கோடு மட்டுமே. 1956-இல் நாடு முழுவதும் தேர்தல் நடத்துவதாகப் பேச்சு. தெற்கை ஆண்ட நோ டின் டியெம் மறுத்துவிட்டார், அமெரிக்காவும் அவர் பக்கம் நின்றது. உடன்பாட்டைக் கண்காணித்த மூன்று நாட்டு ஆணையத்துக்குத் தலைமை வகித்தது இந்தியா என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள்மீது வடக்கு வியட்நாம் இரண்டு தாக்குதல்கள் நடத்தியதாக இன்னும் எழுதுகிறார்கள். 1964 ஆகஸ்ட் 2 அன்று நடந்தது உண்மை. 4-ஆம் தேதி நடந்ததாகச் சொன்னது நடக்கவே இல்லை. அதை நம்பித்தான் அமெரிக்க செனட் 88-க்கு 2 என்ற கணக்கில் அதிபருக்குப் போர் அதிகாரம் கொடுத்தது.

அதிகம் குழப்புவது 1968-இன் டெட் தாக்குதல். வியட்நாமியப் புத்தாண்டையொட்டி, வடக்கின் படையும் தெற்கில் அதன் பக்கம் நின்று போரிட்ட வியட் காங் கெரில்லாக்களும் தெற்கின் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஒரே வீச்சில் தாக்கினார்கள். தெற்கின் தலைநகரான சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே புகுந்தார்கள். இதை வடக்கின் போர்க்கள வெற்றி என்று எழுதுவது தவறு. எதிர்பார்த்த மக்கள் எழுச்சி வரவில்லை, பிடித்த நகரம் எதுவும் கையில் நிற்கவில்லை, வியட் காங்குக்கு இழப்பு மிகக் கடுமை. சரி, அப்படியானால் அமெரிக்கா வென்றதா? அதுவும் இல்லை. முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்று சில மாதங்களுக்கு முன்புதான் அமெரிக்கத் தளபதி வெஸ்ட்மோர்லேண்ட் சொல்லியிருந்தார். தூதரகத்திலேயே சண்டை நடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த மக்கள் அந்தப் பேச்சை எப்படி நம்புவார்கள்? மார்ச் 31 அன்று, மறுபடி போட்டியிட மாட்டேன் என்று அதிபர் ஜான்சன் அறிவித்தார். 'செய்தியாளர்கள்தான் தோற்கடித்தார்கள்' என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அரசு சொன்னதற்கும் நடந்ததற்கும் இருந்த தூரத்தைத்தான் அவர்கள் காட்டினார்கள்.

ஹுவே நகரில் அந்தச் சண்டை ஒரு மாதத்துக்கு நெருக்கமாக நீடித்தது. பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். யார் வென்றார், யார் தோற்றார் என்ற கணக்கில் அவர்களை நாம் மறந்தே போகிறோம்.

அப்புறம், சைகோன் வடக்கின் கையில் விழுந்து போர் முடிந்த 1975-இல் அமெரிக்கப் படை தோற்று ஓடியது என்ற பேச்சு. போர்நிறுத்தத்துக்கான பாரிஸ் உடன்பாட்டின்படி அமெரிக்கப் போர்ப்படைகள் 1973 மார்ச்சிலேயே வெளியேறிவிட்டன. அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் வியட்நாமியரும் வியட்நாமியரும் சண்டையிட்டுச் செத்தார்கள். மாடியில் நிற்கும் ஹெலிகாப்டரை நோக்கி ஏணியில் மக்கள் ஏறும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது தூதரகம் அல்ல, சைகோனில் இருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஏறுகிறவர்கள் அமெரிக்கச் சிப்பாய்களும் அல்ல, ஊரை விட்டுப் போகும் வியட்நாமியர்கள்.