திங்க்பேட் விசிறியை வெப்பத்துக்கு ஏற்ப ஓட வைத்தது

கிருஷ்ணகிரி மே மாத வெயிலில், சிமென்ட் ஷீட் போட்ட மாடி அறையில் உட்கார்ந்து மாங்கூழ் ஆலைக் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. என் பழைய திங்க்பேட் லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் இயங்குதளம். விசிறி எப்போது எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதை நானே வகுக்க நினைத்தேன்.

முதலில் தூசி. பின்மூடியைக் கழற்றி, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கின் இடுக்கில் பஞ்சுபோல் அடைந்திருந்ததை பிரஷ்ஷால் எடுத்தேன். இதைச் செய்யாமல் எந்த மென்பொருளைப் போட்டும் பயனில்லை.

அப்புறம், வெப்பத்தைப் பார்த்து விசிறி வேகத்தை மாற்றும் திங்க்ஃபேன் என்ற மென்பொருளை நிறுவினேன். லினக்ஸில் திங்க்பேடின் வன்பொருளைக் கையாளும் திங்க்பேட் ஏசிபிஐ கர்னல் மாட்யூலில் ஃபேன் கன்ட்ரோல் மதிப்பை 1 ஆக்கி மறுதொடக்கம் செய்தால்தான் விசிறி நம் பேச்சைக் கேட்கும். பாதுகாப்புக்காக இந்த வசதி முதலில் அணைத்தே இருக்கும், அது நல்லதுதான்.

விஷயமே திங்க்ஃபேனின் அமைப்புக் கோப்பில்தான். ஒவ்வொரு வேக நிலைக்கும் கீழ் வரம்பு, மேல் வரம்பு கொடுக்க வேண்டும். என் கோப்பில் நிலை 2க்கு 50 முதல் 62 டிகிரி, நிலை 4க்கு 58 முதல் 72. நடுவில் 58 முதல் 62 வரை இந்த நாலு டிகிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பது முக்கியம். இல்லையென்றால் 62இல் வேகம் கூடி, 61இல் குறைந்து, விசிறி ஓயாமல் இரைந்து அடங்கிக்கொண்டே இருக்கும். கடைசி நிலையில் முழு வேகம் வைத்துவிடுங்கள், அதில் கஞ்சம் வேண்டாம். கணினி தொடங்கும்போதே திங்க்ஃபேன் இயங்கும்படி, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் சேர்த்தேன். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் காட்டும் சென்சார்ஸ் கட்டளை போதும்.