பட்ஜெட்டைப் பணயம் வைக்காதீர்கள்: இல்லினாய் செய்த தவறுகள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2015 ஜூலையிலிருந்து 2017 ஜூலை வரை முழு பட்ஜெட் இல்லாமலே ஓடியது. ஆளுநர் புரூஸ் ரவுனர் குடியரசுக் கட்சி (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் ஜெயித்து வருபவர், நம் முதல்வர் மாதிரி). சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில். கீழவை சபாநாயகர் மைக்கேல் மாடிகன். இரு கட்சிகளும் சேர்ந்து பட்ஜெட் போடும்போது எதையெல்லாம் செய்யக்கூடாதோ, அத்தனையும் நடந்தது.

வேறு சண்டைகளை பட்ஜெட்டோடு முடிச்சுப் போடுவதுதான் பெரிய தவறு. தொழிற்சங்கங்கள் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையைக் குறைக்க வேண்டும், அரசியல்வாதிகளின் பதவிக்காலத்துக்கு வரம்பு வேண்டும், அப்புறம்தான் வரி உயர்வைப் பற்றிப் பேச்சு என்றார் ரவுனர். 2017-இல் மேலவையில் இரு தரப்புத் தலைவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு சமரசம் தயாரித்தார்கள், நல்ல முயற்சிதான், ஆனால் ஒரு மசோதா தோற்றால் மற்றதும் செல்லாது என்று எல்லாவற்றையும் கோத்துவிட்டார்கள், குடியரசுக் கட்சியினர் பின்வாங்கியதும் மொத்தமும் கவிழ்ந்தது.

பட்ஜெட் இல்லையென்றால் எதிராளி பணிந்துவிடுவார் என்று கணக்குப் போடாதீர்கள். ஊழியர் சம்பளம் நீதிமன்ற உத்தரவால் தொடர்ந்தது, பள்ளிகளுக்குத் தனியாக நிதி போனது, அதனால் தெருவில் பெரிய கொந்தளிப்பே இல்லை, இரு தரப்புக்கும் இறங்கி வர அவசரமும் இல்லை. அடி விழுந்தது பல்கலைக்கழகங்களுக்கும், ஏழை மாணவர்களின் உதவித்தொகைக்கும், முதியோரையும் ஊனமுற்றோரையும் பார்த்துக்கொள்ளும் தொண்டு அமைப்புகளுக்கும். சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம் 2016-இல் நூற்றுக்கணக்கானவர்களை வேலையை விட்டு அனுப்பியது. வருமான வரி வேறு 2015 தொடக்கத்திலேயே 5 சதவீதத்திலிருந்து 3.75 ஆக இறங்கியிருந்தது. வரவு குறைவு, செலவு மட்டும் ஓடுகிறது. கட்டாத பில்கள் சுமார் 1,500 கோடி டாலரைத் தொட்டன, அதில் பலவற்றுக்கு மாதம் 1 சதவீதம் தாமத வட்டி.

தேதியையும் விடக்கூடாது. அங்கே மே 31 தாண்டிவிட்டால், உடனே அமலுக்கு வர வேண்டிய மசோதாவுக்கு ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். 118 பேர் கொண்ட கீழவையில் 60 ஓட்டு போதும் என்பது 71 ஆகிவிடும். அதாவது எதிர்த்தரப்பு ஆட்கள் இல்லாமல் நகர்வது கடினம்.

சரி, எதிர்த்தரப்பிலிருந்து வருபவரைத் துரோகி என்று திட்டுவது? அதுவும் நடந்தது. 2017 ஜூலை 6 அன்று ரவுனரின் வீட்டோவை (மசோதாவைத் தடுக்கும் ஆளுநரின் மறுப்பை) மீறி வருமான வரியை 4.95 சதவீதமாக்கிய மசோதா சரியாக 71 ஓட்டில் தேறியது, அதில் பத்து குடியரசுக் கட்சியினர். அந்தப் பத்துப் பேரில் சிலர் அடுத்த தேர்தலில் நிற்கவே இல்லை.