பல் பிடுங்கும் முன் ஸ்டீராய்டை நிறுத்தலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் மருத்துவம் முடித்துப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று தவறாமல் கேட்கிறார்கள். சந்தோஷம். ஆனால் சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் யார் நினைவுக்கும் வருவதில்லை. ஒவ்வொரு வருஷமும் புது முகங்கள், அதே தவறுகள். கை கழுவு, கையுறை போடு ரகத்தை விட்டுவிடுகிறேன்.

"ஸ்டீராய்டு எடுக்கிறீங்களா?" என்று கேட்பது

இதற்கு யாரும் ஆமாம் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது "வீசிங் மாத்திரை", "முட்டி வலிக்குக் கொடுத்தது", "தோலுக்குச் சாப்பிடறது". சீட்டே இல்லாமல் பொட்டலத்தில் மடித்து வாங்கியதாகவும் இருக்கலாம். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆளையும் பாருங்கள். உப்பிய முகம், மெலிந்த கைகால், பிடரியில் கொழுப்புத் திரட்சி, லேசாக இடித்தாலே கன்றும் தோல் என்றால், பல வருஷமாக உள்ளே போகும் ஸ்டீராய்டு தன் வேலையைக் காட்டியிருக்கிறது.

"எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டு வாங்க"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

முடக்குவாதத்துக்காகப் பல வருஷமாக ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்த ஒரு அம்மா. ஆடும் கடைவாய்ப்பல்லை எடுக்க வேண்டும். முன்பு பார்த்த ஓரிடத்தில், மூன்று நாள் முன்னதாகவே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் வந்து காத்திருந்தவர் சுவரில் தலை சாய்த்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "ரெண்டு நாளா சோறே இறங்கல டாக்டர், ஒரே வாந்தி" என்றார் கூட வந்த மகள். பயிற்சி மருத்துவர், "பயத்துல மயக்கம் சார், காலைல சாப்பிடல போல" என்று குளுக்கோஸ் கரைக்கக் கிளம்பிவிட்டார். பிரஷர் 80/50. படுக்கவைத்துக் காலை உயர்த்தியும் ஏறவில்லை. பயத்தில் வரும் மயக்கம் என்றால் படுத்த ஓரிரு நிமிஷத்தில் முகம் தெளியும், இது தெளியாது. அவசரத்துக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியான ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. குப்பியை எடுத்தால் உள்ளே இருப்பது வெறும் பொடி. அதைக் கரைக்கும் தண்ணீர் ஆம்பூலைத் தேடி ஒருவர் டிராயர் டிராயராகத் திறந்துகொண்டிருந்தார். (இரண்டையும் ஒரே டப்பாவில் வையுங்கள், தயவுசெய்து.) ஊசி போட்டு, சலைன் ஏற்றி, 108-ல் அனுப்பினோம். பிழைத்தார்.

நடந்தது இதுதான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து வந்தால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி "போதும்" என்று, அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனை அனுப்புவதைக் குறைத்துவிடும். வேலையில்லாத அட்ரீனல் சுருங்கிவிடும். தினமும் 5 மி.கி. அல்லது அதற்கு மேல் ப்ரெட்னிசோலோன், சில வாரங்களுக்கு மேல் என்றாலே இந்த நிலையைச் சந்தேகிக்க வேண்டும். சுரப்பி மறுபடி எழுந்து உட்கார மாதக்கணக்காகும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று வெட்டினால், அட்ரீனல் சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டான கார்டிசால் உடம்புக்குப் போதாது. பயம், வலி, கிருமித்தொற்று எல்லாம் அதைக் கூடுதலாகக் கேட்கும் நேரம் வேறு.

ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று கேட்டால், "சேஃப்டிக்குத்தான்" என்பார்கள். ரத்தம் உறையாத மாத்திரையோடு இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வது ஒரு காரணம். (அதையுமே நாமாக நிறுத்தக் கூடாது.) ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும் என்ற பயம் இன்னொன்று. பயம் நியாயம்தான். ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிட்டதன் விளைவு மூன்று நாளில் போய்விடுமா? ஆறுவதும் மாறாது, ஆளும் விழுவார்.

வழக்கமான ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு பல் எடுப்பதற்கு இவர்களில் பெரும்பாலோருக்குக் கூடுதல் டோஸ் தேவைப்படாது. அடிசன் நோயாளி வேறு கதை. சுரப்பியே பழுது என்பதால் எவ்வளவு கூட்டுவது என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். பெரிய அறுவை, முழு மயக்கம், காய்ச்சலோடு சீழ் என்றால் இரு தரப்புக்கும் அப்படியே. சாயங்காலம் ஒரு போன் போடுங்கள். சரிவு வீட்டுக்குப் போன பிறகும் வரலாம்.

அந்த அம்மாவுக்கு, பிறகு ஒரு நாள், மாத்திரையை நிறுத்தாமலே, அதே பல்லை எடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை.

"நம்ம ஊர் ஈறு கறுப்புதானே"

ஆமாம், பலருக்கும் சிறுவயது முதலே ஈறு பழுப்புதான். புதிதாக வந்த கறுப்புதான் கேள்வி. அடிசன் நோயில் ஏசிடிஎச் ஏறி, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், உதடு, ஈறு எனத் திட்டுத்திட்டாக நிறம் பிடிக்கும். உள்ளங்கை ரேகைகளையும் விரல் முட்டிகளையும் பாருங்கள். எடை குறைகிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, உப்பும் ஊறுகாயும் அதிகம் கேட்கிறதா? தாமஸ் அடிசன் 1855-ல் இந்நோயை விவரித்த காலத்தில் அதற்கு முக்கியக் காரணம் காசநோய். நம் நாட்டில் இன்றும் அதை மறக்க முடியாது. இதெல்லாம் கேட்காமல் லேசர் வைத்து ஈறை வெளுக்க உட்காராதீர்கள். காலை எட்டு மணி கார்டிசால், ஏசிடிஎச் பார்க்க அனுப்புங்கள்.

கறுப்பு இல்லையென்றால் அட்ரீனல் நலம் என்றும் முடிவுகட்ட வேண்டாம். மாத்திரையால் சுரப்பி சுருங்கியவருக்கு ஏசிடிஎச்சே குறைவு; நிறம் மாறாது.

வெள்ளைப் படலம்

காஸ் துணியால் துடைத்துப் பாருங்கள். உரிந்து சிவந்தால் பூஞ்சைதான். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர் என்றால், இழுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட் இருக்கும்போது கீட்டோகோனசோல் மாத்திரை எதற்கு? அது கார்டிசால் உற்பத்தியையே தடுக்கும்.

அட்ரினலின் கலந்த ஊசி

திடீர் திடீரென்று தலைவலி, படபடப்பு, வியர்வை, எகிறும் பிரஷர் என்று சொன்னால் சிரிஞ்சைக் கீழே வையுங்கள். ஃபியோகுரோமோசைட்டோமா, அதாவது அட்ரினலின் போன்றவற்றை அளவுக்கு மீறிச் சுரக்கும் அட்ரீனல் கட்டி, இல்லை என்று தெரிந்த பிறகு பல்லைப் பார்க்கலாம்.

வலி மாத்திரை

ஸ்டீராய்டோடு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் வயிற்றில் புண், ரத்தக் கசிவு. பாராசிட்டமாலில் தொடங்குங்கள்.